பிரம்பு காட்டிய கூரை

பக்கத்து வீட்டு முனியாயி பாய்ந்து தூளித் துணியைப் பற்றிய நொடியில் அடுத்த ஓடு விழுந்தது.

“எறங்குங்கடா பாவிகளா! கீழ பச்சப்புள்ள கெடக்குடா!”

ஓடு அடுப்பு மேடையில் மோதிச் சிதறியது. ஒரு சில்லு தெறித்து வேளாங்கண்ணியின் புறங்காலைக் கிழித்தது. பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. காலில் ரத்தம் வழிவதைக் குனிந்து பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை. தூளிக் கயிறு உத்தரத்தில் கட்டியிருந்தது. அந்த உத்தரத்துக்கு மேலேதான் ஆள் உட்கார்ந்து ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது.

“அரிவாமணையை எடு ஆத்தா! வெரசா!”

வேளாங்கண்ணி எடுத்துக் கொடுத்தாள். முனியாயி ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் துணியை அறுத்தாள். பிள்ளை மடியில் விழுந்ததுதான் தாமதம், இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், தூளி தொங்கிய இடத்தில், செம்மண்ணும் ஓட்டுத்தூளும் கொட்டின.

வாசலில் தைரியநாதன் நின்றார். காக்கிக் கோட்டு, வெள்ளை வேட்டி, தலையில் தொப்பி. கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. அந்தப் பிரம்பை நீட்டித்தான், எந்த ஓடு, எந்த வரிசை என்று கூரைமேல் இருந்த ராக்கனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ராக்கன் கையை நிறுத்தி எட்டிப் பார்த்தான். அவன் கூரை மேய்கிறவன். பிரிப்பதும் வேய்வதும் அவன் பிழைப்பு.

“ஐயா, காலி வீடுன்னுதானே சொல்லிக் கூட்டியாந்தீங்க?”

“காலி பண்ணச் சொன்ன வீடு. எனக்கு அது காலி வீடுதான். நீ பிரி!”

“புள்ள பெத்த பொம்பள இருக்காளே சாமி...”

“வேலைக்கு வந்தியா, ஞாயம் பேச வந்தியா?”

முனியாயிக்குச் சந்தையில் கருவாட்டு வியாபாரம். அவள் குரல் சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். இப்போது அந்தக் குரல் மொத்தத்தையும் தைரியநாதன் மேல் திருப்பினாள்.

“யோவ் பெரிய மனுசா! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? காலையில கோயில்ல மண்டி போட்டுட்டு நேரா இங்கிட்டு வந்து இந்த வேலை பாக்குறியே, ஒங்க சாமி இதைத்தான் சொல்லிக் குடுத்துச்சா?”

“ஏய், வாயை அடக்கு. அடுத்த பத்துச்சீட்டு ஒனக்குத்தான்.”

“அது என்னய்யா சீட்டு? நாங்க பாக்காத சீட்டு?”

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். தைரியநாதனின் முகம் கறுத்தது. அந்தச் சிரிப்பை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பத்துச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டால் ஆண்பிள்ளைகள் காலில் விழுவார்கள். வேலையை விட்டு நீக்கித் தோட்டத்தை விட்டே துரத்துகிற சீட்டு அது. அதை வாங்கியவனுக்கு அன்றைக்கே குடியிருப்பும் போய்விடும். போகாமல் முரண்டு பிடித்தால், தலைக்கு மேலிருக்கிற தகரத்தைப் பிரித்துவிடுவார்கள். அவ்வளவுதான். கோர்ட்டு இல்லை, கச்சேரி இல்லை.

இது சிலோன் இல்லை, புதுக்கோட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. தைரியநாதனுக்கு மட்டும் அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

ஆவூர்ப் பக்கத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்துவிட்டு, கலியாணமான புதிதில் மனைவியோடு கப்பலேறியவர். கொழுந்துக் கூடை சுமந்து, ரோடு வெட்டி, படிப்படியாக உயர்ந்து கணக்கப்பிள்ளை ஆனார். முதல் உயர்வின்போது தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை தன் கையாலேயே கொடுத்ததுதான் இந்தப் பிரம்பு. கணக்கப்பிள்ளை என்றால் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி. அங்கே குடியுரிமைத் தகராறு வலுத்ததும் சம்பாதித்ததை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார். மச்சுவாடிப் பக்கம் மனை வாங்கினார். வரிசையாக ஐந்து வீடு கட்டினார்.

எப்படிக் கட்டினார்? யாரைக் கேட்டுக் கட்டினார்?

யாரையும் கேட்கவில்லை. தோட்டத்தில் கூலிகளை அடைத்துவைக்கிற லயம் எப்படி இருக்குமோ அப்படியே கட்டினார். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. முகப்புச் சுவர் மட்டும் செம்பாறாங்கல். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் மண்சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது, ஆள் உயரத்தோடு நின்றுவிடும். முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டியிடம் என்ன பேசினான் என்பது லைன் முழுக்கத் தெரியும். “செலவு மிச்சம், புகையும் தங்காது” என்றார் தைரியநாதன். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவரையும் பேசவிடவில்லை.

தேயிலை நடுவதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கிறோம். மாடு வாங்குவதற்கு முன்னால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வீட்டை வாடகைக்கு விட மட்டும் கையில் காசும் ஒரு பூட்டும் இருந்தால் போதும் என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. மழை வந்தால் இந்தச் சுவர் நிற்குமா என்றுகூடக் கேட்பதில்லை. தைரியநாதனும் கேட்கவில்லை. அவருக்கு வாய்த்த ஒரே குரு, கீழராஜ வீதி டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தரகர் பிச்சைமுத்து.

“வக்கீலா? அவனுக்கு எதுக்கு மொதலாளி அழுவணும்? நான் இருக்கேன்ல. குடி வாரவனை மொதல் நாளே தட்டி வைக்கணும். ரிப்பேர்னு வாயைத் திறந்தான்னா அவன் வெவகாரம் புடிச்சவன். அவனை வச்சுக்கப்படாது.”

தோட்டத்தில் கற்றதும் டீக்கடையில் கற்றதும் ஒத்துப்போயின. தைரியநாதன் மகிழ்ந்துபோனார். ராத்திரி எட்டு மணிக்கு லைன் வாசலுக்குப் பூட்டு. விருந்தாள் வந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து குடும்பமும் முற்றத்தில் வரிசையாக நிற்கவேண்டும். தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பேர். ஆள் எண்ணுகிற வேலை. இங்கே எதற்கு என்று அவருக்கே தெரியாது. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்.

நடு வீட்டில் குடியிருந்த சூசைராஜ், வேளாங்கண்ணியின் புருஷன், கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். அவன் ஒரே ஒரு நாள் வரிசையில் நின்றான். அடுத்த ஞாயிறு நிற்கவில்லை. மழைக்காலம் நெருங்கியதும் நேரே வந்து கேட்டான்.

“ஐயா, எங்க வீட்டுக்கும் முனியாயி வீட்டுக்கும் நடுவுல இருக்குற செவரு ஊறிப்போய் நிக்குது. வெரல வச்சா மண்ணு உதிருது. மழைக்கு முந்தி சுண்ணாம்பு வச்சுப் பூசிக் குடுங்க. வீட்ல பிரசவம் ஆகியிருக்கு.”

“நீ எனக்குச் சொல்லித் தாரியா?”

“சொல்லல. கேக்குறேன்.”

“கேக்குறவன் எனக்கு வேணாம். வீட்டைக் காலி பண்ணு.”

சூசைராஜ் கோபப்படவில்லை. அதுதான் தைரியநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்படித் திடுதிப்புன்னு யாரையும் வெளியேத்த முடியாதுங்க. அதுக்குன்னு சட்டம் இருக்கு, ஆபீசர் இருக்காரு. இது எஸ்டேட் இல்லீங்க ஐயா.”

அந்த வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், சூசைராஜ் முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, ஆம்பளை இல்லாத வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார் இந்தக் கணக்கப்பிள்ளை!

ராக்கன் கூரையிலிருந்து இறங்கினான். “இனிமே ஒரு ஓடு எடுக்க மாட்டேன்” என்றான். ஆனால் அதற்குள் நடு வீட்டின் கூரையில் பெரும்பகுதி எலும்புக்கூடாகியிருந்தது. கழற்றிய ஓடுகள் மாட்டுவண்டியில் ஏறியிருந்தன.

“அந்த ஓட்டையாவது எறக்குங்க சாமி, திரும்ப வேஞ்சு விட்டுர்றேன். வானம் மூடிக்கிட்டு வருது.”

“ஓடு என் ஓடு” என்றார் தைரியநாதன். வண்டிக்காரனுக்குப் பிரம்பால் வழி காட்டிவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த தெருவில் அவருடைய சொந்த வீடு. மச்சு வீடு, சுண்ணாம்புச் சுவர், நனையாத சுவர். அவர் மனைவி அருளம்மாள் கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்று கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவோடு போகும். அருளம்மாளுக்குப் போவதற்கு இங்கே கல்லறை இல்லை. அவர்களுடைய தலைப்பிள்ளை அமலராணி சிலோன் மலையில் எங்கோ ஒரு தேயிலைச் சரிவில் கிடக்கிறாள். முலை மறக்காத வயதில் காய்ச்சல் கண்டு போனவள். தைரியநாதன் அப்போது தோட்டத்தின் இன்னொரு பகுதியான மேல் டிவிஷனில் ரோடு வெட்டப் போயிருந்தார். வந்து பார்த்தபோது மண்மேடுதான் இருந்தது. அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. வருஷா வருஷம் இந்த நாளில் அருளம்மாள் வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுவாள். யாரோடும் பேசமாட்டாள்.

வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். “என்ன ஓடு?”

“மிச்ச ஓடு” என்றார் தைரியநாதன். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அருளம்மாள் மேலே கேட்கவில்லை. லைன் வீட்டு விஷயம் எதையும் அவள் கேட்கமாட்டாள். வீடுகள் கட்டி முடித்த அன்று சாமியார் வந்து மந்திரித்தபோதுகூட அவள் லைன் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கணக்கப்பிள்ளை பெண்டாட்டி என்ற கௌரவம் என்று தைரியநாதன் நினைத்துக்கொண்டார். பெருமையும் பட்டுக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. புதுக்கோட்டைச் சீமையில் மழைக்காக ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துக் கிடப்பார்கள். வராது. வந்தால் ஒரேயடியாகக் கொட்டும். அன்று கொட்டியது. தைரியநாதன் ஈசிச்சேரில் கண்ணயர்ந்தார்.

பொழுது சாயும் நேரத்துக்கு ராக்கன் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். முழுக்க நனைந்திருந்தான். கூலி என்று வாயே திறக்கவில்லை. ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு அருளம்மாளிடம் சொன்னான்.

“ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது. காலி வீடுன்னுதான் கூப்புட்டாரு. ஓட்டைப் பிரிக்கப் பிரிக்கக் கீழ பாத்தா தூளி. உசிரே போயிருச்சு எனக்கு. இப்ப அந்தப் புள்ளைய முனியாயி வீட்ல வச்சிருக்காங்க. அங்கிட்டும் தண்ணி ஒழுகுது. நடுச்செவரு வேற பொதுபொதுன்னு ஊறி நிக்குது. நீங்களாச்சும் ஐயாகிட்டச் சொல்லி...”

அருளம்மாள் அவனை முழுதாகப் பேசவிடவில்லை.

“எந்த வீட்டு ஓடு? ஆள் இருக்குற வீட்டு ஓடா? புள்ள இருக்குற வீட்டு ஓடா?”

“ஆமாத்தா.”

அவள் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. குடை எடுக்கவில்லை. செருப்புப் போடவில்லை. கொட்டுகிற மழையில் தெருவில் இறங்கி ஓடினாள். அறுபதை நெருங்குகிற பொம்பளை! “ஏய் அருளு! எங்க போறே? ஏய்!” என்று ஈசிச்சேரிலிருந்து எழுந்த தைரியநாதன், குடையையும் பிரம்பையும் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலே போனார்.

லைன் வாசலில் அவள் ஒரு கணம் நின்றாள். முற்றத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். நடு வீட்டின் மேலே வெறும் சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே வானம். அவள் அந்த ஓட்டையையே பார்த்தாள்.

அப்போதுதான் சுவர் விழுந்தது.

பெரிய சத்தமொன்றும் இல்லை. ஈரமண் சரிகிற சத்தம், ‘தொப்’பென்று. அதற்கப்புறம்தான் அலறல். திறந்த வீட்டில் பெய்த மழையெல்லாம் நடுச்சுவரின் மொட்டை உச்சியில் இறங்கி, சுவரைச் சாணிபோலக் குழைத்து, முனியாயி வீட்டுப் பக்கமாகத் தள்ளிவிட்டது.

“எம் புள்ள! எம் புள்ள!”

வாசல்படியில் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வேளாங்கண்ணி உள்ளே பாய்ந்தாள். முனியாயி சுவரோரம் கிடந்தாள். அவளுடைய இடது கை மண்ணுக்குள் இருந்தது. “என்னைய விடு, புள்ளையப் பாரு! கட்டிலப் பாரு!” என்று கத்தினாள். கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இல்லை. மண்குவியல்தான் இருந்தது.

லைனே திரண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் அருளம்மாள் மண்டியிட்டு விழுந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். வாரிய இடத்தில் மறுபடி மண் சரிந்தது. மறுபடி வாரினாள். நகம் பிய்ந்தது. “வந்துட்டேன் தங்கம், வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்” என்று முனகிக்கொண்டே வாரினாள். ராக்கனும் வந்து சேர்ந்துகொண்டான். ஒரு மரக்கால் தட்டுப்பட்டது. கட்டில் கால்.

கட்டிலுக்குக் கீழிருந்து பிள்ளை அழுதது.

ஆம், அழுதது! முனியாயி வீட்டுக் கூரையிலும் மூலைக்கு மூலை ஒழுகியதால், நனையாத இடம் தேடி, பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் கிடத்தி, கட்டில் மேல் ஓலைப்பாயும் சூசைராஜின் பழைய காக்கிக் கோட்டும் போட்டு மூடியிருந்தார்கள். சுவர் கட்டிலின் மேல் விழுந்தது. கட்டில் பழைய புளியமரத்துக் கட்டில். தாங்கிக்கொண்டது. மனிதன் கட்டிய சுவர் கைவிட்ட பிள்ளையை ஒரு கயிற்றுக் கட்டில் காப்பாற்றியது.

தைரியநாதன் குடையோடு வந்து நின்றார். முனியாயியைக் கட்டிலிலேயே வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

மறுநாள் காலை வாடகைக் கண்ட்ரோல் ஆபீசர் நேரில் வந்தார். விடியும் முன்பே அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டி வந்தவன் சூசைராஜ். கூடவே ஒரு போலீஸ்காரர். தரகர் பிச்சைமுத்துவையும் டீக்கடையிலிருந்து பிடித்து வந்திருந்தார்கள். இடிந்த சுவரின் முன்னால் எல்லாரும் நின்றார்கள். அருளம்மாள் இரவு வீட்டுக்கே போகவில்லை. வேளாங்கண்ணியின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கு மஞ்சள் துணி சுற்றி, ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“யாரைக் கேட்டு ஓட்டைப் பிரிச்சீங்க பெரியவரே?” என்றார் ஆபீசர்.

“நான் கட்டுன வீட்டுக்கு நான் யாரைங்க கேக்கணும்?”

“என்னைக் கேக்கணும். ஒருத்தரைக் குடி வச்சாச்சுன்னா, என் உத்தரவு இல்லாம வெளியேத்த முடியாது. தண்ணியை நிறுத்துறது, ஓட்டைப் பிரிக்கிறது எல்லாம் குத்தம். ரிப்பேர் பாக்குறது வீட்டுக்காரர் பொறுப்பு. இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரும் சொல்லல. இந்தப் பிச்சைமுத்துதான்...”

“நானா?” பிச்சைமுத்து துண்டை உதறிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். “டீக்கடையில ஆயிரம் பேசுவோம். பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் செஞ்சுட்டு வந்து எம் மேல பழி போட்டா எப்படிங்க மொதலாளி?”

“ஒங்களையும் விசாரிப்போம், இருங்க” என்றார் போலீஸ்காரர்.

சூசைராஜ் இப்போது முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது.

“ஐயா, நான் பஸ்ல டிக்கெட் கிழிக்கிறவன். அதுக்கே லைசென்ஸ் வேணும். சட்டம் என்ன, எத்தனை பேரை ஏத்தலாம், எங்க நிறுத்தணும், எல்லாம் படிச்சு ஒப்பிச்சாத்தான் சட்டையில பேட்ஜைக் குத்த விடுவான். அஞ்சு குடும்பத்துக்குத் தலைக்கு மேல கூரை போடுறவருக்கு ஒண்ணுமே தெரிய வேணாமா? தெரியலைன்னா கேக்கக்கூடாதா? நான் சொன்னேனே! செவரு ஊறுதுன்னு சொன்னேனே! அதுக்கா எம் புள்ள மேல செவத்தைத் தள்ளுனீங்க?”

“சத்தியமான பேச்சு” என்றார் ஆபீசர். “வாடகைக்கு விடுறது ஒரு தொழில் பெரியவரே. மத்தத் தொழிலைக் கத்துக்கிட்டுத்தானே எறங்குறோம்? குடி வைக்கிறதுக்கு முந்தி எங்க ஆபீசுக்கு ஒரு நடை வந்திருந்தா, நானே உக்கார வச்சுச் சொல்லியிருப்பேன். ஒரு நல்ல கொத்தனாரைப் பேச விட்டிருந்தா, அவன் சொல்லியிருப்பான். ஒரு நடை நடக்கச் சோம்பல்பட்டு இன்னைக்குக் கேஸ்ல நிக்குறீங்க.”

தைரியநாதனின் தொப்பி கையில் இருந்தது. பிரம்பு கக்கத்தில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் பேச்சு வாங்கியதில் உள்ளே கொதித்தது. அவர் இன்னும் வளைந்துகொடுக்கவில்லை.

“செவரு விழுந்தது மழையால. நான் என்ன பண்ணுவேன்? தோட்டத்துல நான் எத்தனை கூரை பிரிச்சிருப்பேன்! சும்மா பயங்காட்டுறதுக்குத்தான். ரெண்டு நாள்ல வழிக்கு வந்துருவான், தகரத்தைத் திரும்ப அடிச்சுருவோம். அங்க இல்லாத மழையா? ஒரு உசிரு போனதுண்டா? நான் பாத்து ஒரு உசிரு...”

“போச்சு.”

எல்லாரும் திரும்பினார்கள். அருளம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

“ஏய், நீ சும்மா இரு. ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க மேல் டிவிஷனுக்கு ரோடு வெட்டப் போயிருந்தீங்க. நான் பறிச்ச கொழுந்தை நிறுக்கும்போது கொறைச்சுச் சொன்னாங்க. நான் ஏன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். இந்தக் கண்டக்டர் தம்பி கேட்ட மாதிரி. அன்னிக்குச் சாயங்காலமே லயத்துல நாம இருந்த அறை, நம்ம காம்பிராவோட தகரத்தைப் பிரிச்சுட்டாங்க.”

தைரியநாதன் அவளை நோக்கி ஓரடி வைத்தார்.

“மூணு நாள் மழை. பக்கத்துக் காம்பிராவுல சேத்துக்கிட்டா அவங்க கூரையும் போகும்னு சொல்லிட்டாங்க. யாரும் கதவைத் திறக்கல. புள்ளைய எங் கூடையைக் கவுத்து மூடி வச்சிருந்தேன். எங்கிட்டக் கட்டில் இல்லீங்க. ஒரு கட்டில் இருந்திருந்தா... நீங்க வாரதுக்கு முந்தி அவளைப் பொதைச்சாச்சு, தகரத்தையும் திரும்ப அடிச்சாச்சு. நெசத்தைச் சொன்னா அருவாளைத் தூக்கிருவீங்க, தூக்குல தொங்கிருவீங்கன்னு, காய்ச்சல்னு சொன்னேன். லயத்துல இருந்த அத்தனை பேரையும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன்.”

“அருளு... யாரு... யாரு பிரிக்கச் சொன்னா?”

அவள் கையிலிருந்த பிள்ளையை வேளாங்கண்ணியிடம் கொடுத்தாள்.

“கூரை போடத் தெரிஞ்சுட்டா வீட்டுக்காரன் ஆயிட முடியாதுங்க. அதுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு என்ன உரிமை, நமக்கு என்ன கடமை, எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, அத்தனையும் கத்துக்கிட்டுத்தான் சாவியைக் குடுக்கணும். கத்துக்காதவன் கையில சாவி இருந்தா அது அருவாளு. நீங்க அங்க கத்துக்கிட்டது தொழில் இல்ல. அது கொலை.”

ராக்கன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அருளம்மாள் கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த பிரம்பின் வெள்ளிப்பூணை, துணி சுற்றிய விரலால் தொட்டாள்.

“புள்ள போன மறுமாசம் பெரிய கணக்கப்பிள்ளை ஒங்களைக் கூப்பிட்டு வேலையை ஒசத்திக் குடுத்தாரு. தன் கையில இருந்த பிரம்பையே குடுத்தாரு. ‘எம் படிப்புக்குக் கெடைச்ச மரியாதை’ன்னு இத்தனை வருசமா சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அது மரியாதை இல்லீங்க. விசயம் ஒங்க காதுக்கு வந்தாலும் வாயைத் திறக்காம இருக்கக் குடுத்த கூலி. இதே பிரம்பை நீட்டித்தான் அன்னிக்கு அந்தாளு, ‘அந்தத் தகரத்தைப் பிரி’ன்னு எங் கூரையைக் காட்டினாரு. நம்ம அமலி அதுக்குக் கீழதான் கெடந்தா.”